தடைக்கு எத்தனை பெயர்?

ஆங்கிலப் பாடத்திலே மாணவரை மயங்கச் செய்வன அரிய சொற்கள் மட்டுமல்ல. ஒரே பொருள் உடையனபோலத் தோன்றும் எளிய சொற்களே பெரிதும் மயக்குவன. 'ஒப்ஸ்டக்கிள்' என்னுஞ் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'தடை' என்றிருக்கும். 'ஹின்ட்ரன்ஸ்' என்பதைப் பார்த்தால் அதுவும் தடை. 'இம்பெடிமென்ட்', 'பரியர்', 'ஹேர்டில்', 'ஸ்நாக்' ஆகிய யாவும் தடையே. ஆறு பூட்டுக்கு ஒரே திறப்பைக் கொடுத்து அனுப்பியதுபோல் அகராதி நம்மை அனுப்பிவிடுகின்றது. மாணவனும் இவையெல்லாம் ஒன்றே என்று கருதி, கட்டுரையில் நினைவுக்கு வந்த சொல்லை எழுதிவிடுகிறான். ஆசிரியர் அதன்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிடுகிறார். ஏன் இட்டார் என்பது அவனுக்கு விளங்குவதில்லை.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு படத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கின்றது. ஒன்று முன்னால் நிற்பது. ஒன்று காலைக் கட்டுவது. ஒன்று பின்னால் இழுப்பது. ஒன்று நீரடியில் மறைந்து கிடப்பது. எவ்வாறு தடுக்கின்றது என்பதைச் சொல் காட்டிவிட்டால், அதனை எவ்வாறு தீர்ப்பது என்பதையும் அதுவே காட்டிவிடும். இதனை நன்குணர்வதற்கு மட்டக்களப்பு வாவிக்கரையைப்போல் வாய்ப்பான இடம் அரிது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்நீர்ப்பரப்பு, தன் கரையில் வாழ்வோருக்குத் தடையின் பல வகைகளையும் நாளாந்தம் காட்டிவருகின்றது.

முன்னே நிற்பதும் குறுக்கே குவிப்பதும்

'ஒப்ஸ்டக்கிள்' இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. எதிரே நிற்றல் என்பதே அதன் மூலப்பொருள். 'நந்தி மாதிரிக் குறுக்கே நிற்கிறான்' என்று நம் வீடுகளிலே சொல்வதில்லையா? திருப்புன்கூரிலே நந்தனாருக்குச் சந்நிதியை மறைத்து நின்ற நந்தி இச்சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். நிற்பது விலகினால் வழி பிறக்கும்; விலகாவிடின் நாம் ஏறிக் கடக்கவேண்டும், அல்லது சுற்றிப் போகவேண்டும். ஆதலினாலேதான் இச்சொல்லோடு 'ஓவர்கம்', 'சேர்மவுண்ட்' ஆகிய வினைகள் பெரிதும் சேர்ந்து வருகின்றன. இரண்டிலும் மேலே ஏறி வெல்லுதல் என்னும் எண்ணம் உண்டு.

'ஒப்ஸ்ட்ரக்ட்' என்பதும் இதற்கு நெருங்கிய உறவுபோலவே தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருப்பது நிற்றல் அன்று, குவித்தலும் கட்டுதலுமாகும். 'கொன்ஸ்ட்ரக்ட்' என்றால் கட்டுதல் என்பதை மாணவர் அறிவர். 'ஒப்ஸ்ட்ரக்ட்' என்றால் எதிரே கட்டிவிடுதல். வீதிக்குக் குறுக்கே மரம் சாய்ந்தாலும், வடிகாலிலே குப்பை அடைத்தாலும் இச்சொல்லே பொருந்தும். இதற்குத் தீர்வு ஏறிக் கடத்தல் அன்று, அகற்றித் துப்புரவாக்குதல்.

காலிலே தளை, முதுகிலே இழுப்பு

'இம்பெடிமென்ட்' என்னுஞ் சொல்லின் நடுவே பாதம் மறைந்திருக்கின்றது. பாதத்தைப் பிணித்தல் என்பது அதன் பழம்பொருள். உரோமப் படையினர் தாம் சுமந்து சென்ற மூட்டை முடிச்சுகளை 'இம்பெடிமென்டா' என்றனர். சுமை மிகுந்தால் கால் எழும்பாதல்லவா? தமிழிலே 'தளை' என்னுஞ் சொல் இதற்கு மிக நெருங்கியது. இவ்வகைத் தடை வழியிலே இல்லை, நடப்பவனிடத்திலேயே இருக்கின்றது. ஆதலினால் பேச்சு திக்குவதை ஆங்கிலர் இச்சொல்லாலே குறிக்கின்றனர். ஆங்கிலத் திருச்சபையின் திருமண அறிவித்தலிலும், மணமக்கள் இணைவதற்கு ஏதேனும் தடையுண்டாயின் கூறுக என்னுமிடத்தில் இதே சொல் வருகின்றது. வழி திறந்திருந்தும் அவர்களைப் பிணித்து நிறுத்தும் கட்டு ஏதும் உண்டா என்பதே அங்குக் கேட்கப்படும் வினா.

இதற்கு எதிரான சொல்லும் பாதத்திலிருந்தே பிறந்தது. 'எக்ஸ்பெடைட்' என்றால் காலை அவிழ்த்துவிடுதல். இன்று விரைவுபடுத்துதல் என்று பொருள்படுகின்றது. கந்தோருக்கு எழுதும் கடிதத்தில் 'எமது விண்ணப்பத்தை விரைவுபடுத்துக' என்று கேட்கும்போது, விண்ணப்பத்தின் காற்கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்றே நாம் கேட்கிறோம்.

'ஹின்டர்' என்பது வேறு. அதன் உறவு பின்புறத்தைக் குறிக்கும் 'பிஹைன்ட்' என்னுஞ் சொல்லோடு. பின்னே இழுத்து வைத்தல் என்பதே கருத்து. இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'பிரிவென்ட்' என்றால் காரியம் நடவாமற் போயிற்று. 'ஹின்டர்' என்றாலோ, பெரும்பாலும் காரியம் நடந்தது, ஆனால் சுணங்கி நடந்தது. வாவியிலே ஆற்றுவாழை படர்ந்திருக்கும்போது தோணி ஓட்டுபவரைக் கேளுங்கள். ஆங்காங்கே கிடக்கும் கொடி சவளிலே சிக்கி வேகத்தைக் குறைக்குமாயின் அது 'ஹின்டர்'. அதே ஆற்றுவாழை பாய்போல் நெருங்கி வழியையே மூடிவிடுமாயின் அது 'ஒப்ஸ்ட்ரக்ட்'. செடி ஒன்றே, தடுக்கும் வகை மாறியதும் சொல்லும் மாறிவிட்டது.

அனுமதியா, தடையா?

'லெட்' என்பது ஆங்கிலத்திலே முதல் வகுப்பிற் படிக்குஞ் சொல். விடு, அனுமதி என்று அதற்குப் பொருள். ஆயினும் அதே ஒலியும் எழுத்தும் உடைய மற்றொரு 'லெட்' உண்டு. அதற்குத் தடுத்தல் என்று பொருள்! பழைய ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு சொற்களாக இருந்தன; காலப்போக்கில் உருவம் ஒன்றாகிவிட்டன. தடுக்கும் 'லெட்'டுக்கு உறவு, தாமதத்தைக் குறிக்கும் 'லேட்' என்னுஞ் சொல்லாகும்.

சேக்சுபியரின் 'ஹம்லெற்' நாடகத்தில், தந்தையின் ஆவியைத் தொடர்ந்து செல்ல முயலும் இளவரசனை நண்பர் பிடித்து நிறுத்துகின்றனர். தன்னைத் 'தடுப்பவனை' விடமாட்டேன் என்று அவன் சீறும்போது ஆளுவது இந்த 'லெட்' என்னுஞ் சொல்லையே. அனுமதி என்று பொருள் கொண்டு படித்தால் அவன் கோபம் தலைகீழாகிவிடும். டென்னிசு ஆட்டத்திலே முதலடியில் பந்து வலையின் விளிம்பைத் தொட்டு உரிய கட்டத்தில் வீழ்ந்தால் 'லெட்' என்று கூவுவர். பந்து வழியிலே தடைப்பட்டது, அடித்தவர்மீது பிழையில்லை, மீண்டும் அடிக்கலாம். தீர்வைத் தன்னுடனேயே வைத்திருக்கும் தடை இது.

இப்பழஞ்சொல் இன்னும் உயிரோடு இருக்குமிடம் ஒன்று பிரித்தானியக் கடவுச்சீட்டு. அதனை வைத்திருப்பவர் 'லெட்'டும் 'ஹின்ட்ரன்ஸ்'சும் இன்றிச் செல்ல இடமளிக்கவேண்டும் என்று அதன் முதற்பக்கங் கேட்கின்றது. இத்தொடரிலுள்ள தடை இரண்டு. நாம் அதற்கு இட்ட பெயரிலோ தடை என்னும் எண்ணமேயில்லை. 'கட' என்னும் அடியிலிருந்து 'கடவுச்சீட்டு' என்று அழகாக வழங்குகிறோம். ஆங்கிலத் தொடர் தடையை எண்ணியது. தமிழ்ப்பெயர் கடத்தலை எண்ணியது.

வேலியும் கடப்பும்

'பரியர்' என்பது கடக்கக் கூடாது என்றே எழுப்பப்பட்ட தடுப்பு. மட்டக்களப்பு மக்களுக்கு இதனை அகராதி கற்பிக்கவேண்டியதில்லை. போர் நடந்த ஆண்டுகளிலே வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்லும் வழிகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. மூட்டையை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நிழலில்லா இடத்திலே காத்துநின்ற தாய்மார் அச்சொல்லின் பொருளை எழுத்துக்கூட்டாமலே கற்றனர்.

'ஹேர்டில்' அத்தகையதன்று. முற்காலத்தில் அது வளார்களைப் பின்னிச் செய்த தட்டி. ஆட்டுக் கிடையை அடைப்பதற்குப் பயன்பட்டது. ஆட்டை மறிக்கும், மனிதன் தாண்டிவிடுவான். நம் ஊர்களிலே வேலியின் நடுவே வைக்கும் 'கடப்பு' இதே வேலையைச் செய்கின்றது. மாடு உள்ளே வராது, மனிதன் காலைத் தூக்கிவைத்துச் சென்றுவிடுவான். ஆடவர் 110 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்திலே பத்துத் தடைகள் உண்டு. அவற்றைத் தாண்டுவதற்காகவே வைத்திருக்கின்றனர். கால் தட்டி ஒன்று வீழ்ந்துவிட்டாலும், வேண்டுமென்று தள்ளாதவரை, ஓடுபவன் ஓட்டத்தை இழப்பதில்லை.

'ஆங்கிலம் எனக்கு ஒரு பரியர்' என்று மாணவர் சிலர் சொல்லக் கேட்கிறோம். அச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆசிரியரில்லாத பாடசாலையும் நூலில்லாத வீடும் உண்மையாகவே 'பரியர்' ஆகலாம். அவை பிறர் வந்து நீக்கவேண்டியவை. அத்தகைய பிள்ளையிடம் 'நீ முயலவில்லை' என்று சொல்வது அநீதி. ஆனால் எழுத்துக்கூட்டலும் இலக்கணமும் உச்சரிப்பும் 'ஹேர்டில்' மட்டுமே. அவை தாண்டுவதற்காக உள்ளவை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், நீக்கவேண்டியதை நீக்குமாறு கேட்கவும் மாட்டோம். தாண்டவேண்டியதைத் தாண்டவும் மாட்டோம்.

மட்டக்களப்பிலே ஆங்கிலக் கல்வியின் தொடக்கம் 1814ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு வந்த மெதடிஸ்த குருவான வில்லியம் ஓல்ட் கல்விப்பணி தொடங்கி, 1815இலேயே காலமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இலிருந்தே கணிக்கின்றது. பின்னர் 1892இல் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே புலமை பெற்று, சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இல் 'மதங்க சூளாமணி'யை வெளியிட்டார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். ஆங்கிலம் கற்றதால் அவர் தமிழ் குன்றவில்லை. தமிழ் கற்றதால் ஆங்கிலமும் குன்றவில்லை. இரு கரைக்கும் போய்வரத் தெரிந்தவருக்கு நடுவேயுள்ள நீர் தடையாவதில்லை.

வாவியின் வாயில்

'பார்' என்னுஞ் சொல்லைக் கேட்டதும் இக்காலத்தில் மதுச்சாலையே பலர்க்கு நினைவு வரும். மரச்சட்டம் அல்லது கம்பி என்பதே அதன் அடிப்பொருள். மது விற்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவேயுள்ள சட்டம் அப்பெயரைக் கடைக்குக் கொடுத்தது. நீதிமன்றத்திலே நடுவிருக்கும் சட்டம் 'பாரிஸ்டர்' என்னும் பெயரைக் கொடுத்தது. ஆற்று வாயிலிலும் துறைமுக வாயிலிலும் குறுக்கே கிடக்கும் மணற்றிட்டும் 'பார்' எனப்படும்.

ஆங்கிலக் கவிஞர் அல்பிரட் டெனிசன் 1889இல் இம்மணற்றிட்டைக் கடப்பதைப் பற்றி ஒரு சிறு கவிதை வெளியிட்டார். துறைமுக வாயிலைக் கடந்து பெருங்கடலுக்குச் செல்வதை இறப்புக்கு உவமையாக்கிய அக்கவிதையைத் தம் கவிதைத் தொகுதிகளின் இறுதியிலேயே வைக்கவேண்டுமென்று அவர் விரும்பினார். கடலைக் காணாத ஊரில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் படம் வரைந்தே விளக்கவேண்டும். மட்டக்களப்பு மாணவனுக்கோ முகத்துவாரமே படம். பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த வெளிச்சவீட்டின் அண்மையிலே வாவி கடலோடு கலக்கின்றது. வரண்ட காலத்தில் அலை கொணரும் மணல் அவ்வாயிலை மூடிவிடும். மாரியிலே வெள்ளம் பெருகினால் தானே உடைத்துக்கொண்டு செல்லும். அல்லது மக்கள் வெட்டிவிடுவர்.

எப்போது வெட்டுவது என்பதே வினா. நீர் ஏறி வயல் மூழ்கினால் வேளாண்மை செய்பவர் உடனே வெட்டச் சொல்வர். வாவியை நம்பி வாழும் மீனவருக்கு நீர்மட்டமும், உப்பும், கடலிலிருந்து உள்ளே வரும் மீனும் இறாலும் கணக்கு. ஒருவருக்குத் தடையாகத் தோன்றுவது மற்றவருக்குக் காப்பாக இருக்கலாம். 'பார்' என்னுந் தடையை ஏறிக் கடப்பதில்லை, அவிழ்ப்பதுமில்லை. காலம் அறிந்து திறக்கவேண்டும்.

நீரடியிற் கிடக்கும் கட்டை

'ஸ்நாக்' என்பது நீரடியிலே மறைந்து கிடக்கும் மரக்குற்றி. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றிலே நீராவிக் கப்பல்களின் அடியைக் கிழித்தவை இவையே. அவற்றைப் பிடுங்கி எடுப்பதற்கென்றே என்றி சிறீவு என்பவர் 'ஹீலியோபொலிசு' என்னும் கப்பலை அமைத்தார். அது 1829இலே வேலை தொடங்கியது. எல்லாம் நன்றாக நடக்கும்போது எதிர்பாராமல் வந்து மாட்டும் சிக்கலை இன்று 'ஸ்நாக்' என்கின்றனர். கண்டல் வேர்களிடையே வலை மாட்டினால் அனுபவமுள்ளவர் வலிந்து இழுக்கமாட்டார்; சற்றுப் பின்வாங்கி, எங்கே மாட்டியது என்று பார்த்து எடுப்பார். அதுவே இதற்குத் தீர்வு.

'பொட்டில்நெக்' என்பது போத்தலின் கழுத்து. உள்ளே நிறைய இருந்தும் வெளியேறும் இடம் ஒடுங்கியிருப்பதால் உண்டாகும் நெருக்கத்தைக் குறிக்கும். 1924ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லடிப் பாலத்தின் ஒடுக்கத்திலே வாகனங்கள் ஒன்றுக்கு ஒன்று வழிவிட்டுக் காத்துநின்றதைக் கண்டவர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை. யாரும் குறுக்கே நிற்கவில்லை, வாயில்தான் சிறிது. பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் எழுந்தபின்னரே நெருக்கம் தீர்ந்தது. இதன் தீர்வு அகலப்படுத்துதல்.

'ரெட் டேப்' என்பதைச் 'சிவப்பு நாடா' என்று நாமும் எழுதுகிறோம். இங்கிலாந்திலே அரசாங்கக் கடதாசிகளையும் வழக்குக் கட்டுகளையும் செந்நிற நாடாவாற் கட்டிவைத்த வழக்கத்திலிருந்து வந்தது. கட்டு அவிழாதவரை காரியம் நடவாது. 'சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்' என்ற நம் பழமொழி அதே நிலையை இன்னும் கூர்மையாகச் சொல்லிவிடுகின்றது. மட்டக்களப்புக் கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய கச்சேரியின் படிகளில் ஏறியிறங்கியவர்க்கு இரண்டும் விளங்கும்.

இவற்றோடு 'டைட் ஓவர்' என்பதையும் அறிந்துவைத்தல் நன்று. காற்றில்லாத வேளையில் கடலின் வற்றுப்பெருக்கையே துணையாகக் கொண்டு கப்பலைக் கொண்டுசெல்வதும், நீரோட்டம் எதிராகத் திரும்பினால் நங்கூரமிட்டுக் காத்திருப்பதும் மாலுமிகளின் முறை. அதிலிருந்து, இடருற்ற சில நாளைச் சமாளித்துக் கடத்தல் என்னும் பொருள் வந்தது. அயலவர் தரும் கைமாற்று நமக்கு அவ்வகைப் பெருக்கு. அது தடையை நீக்குவதில்லை. தடை தீரும்வரை நம்மைத் தாங்குகின்றது.

கடப்பவன் மொழி

வாவிக்கரைத் தமிழிலே ஆங்கிலேயரும் வியக்கத்தக்க ஒரு சொல் உண்டு. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்ற மிதவைக்கு மக்கள் இட்ட பெயர் 'பாதை'. மண்முனையிலும் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை 'பாதை'யே மக்களை அக்கரை சேர்த்தது. வீதி முடிந்து நீர் தொடங்குமிடத்திலே, 'இங்கே வழியில்லை' என்று அம்மக்கள் நின்றுவிடவில்லை. நீரின்மேல் செல்வதையே பாதை என்றனர்.

தடையின் பெயரைச் சரியாகச் சொல்பவன், அதனைத் தீர்க்கும் வினையையும் அறிந்தவனாகிறான். நிற்பதாயின் ஏறுக, குவிந்ததாயின் அகற்றுக, காலைக் கட்டியதாயின் அவிழ்க்குக, ஒடுங்கியதாயின் அகலமாக்குக, மணலாயின் காலம் பார்த்து வெட்டுக. இது மொழிப்பாடத்துக்கு மட்டும் உரிய அறிவன்று.

மாணவர்க்குப் பயிற்சி

பின்வரும் நிலைகளுக்கு மேலே கூறிய சொற்களுள் எவை பொருந்தும் என்று எழுதிப் பார்க்குக.

1. நூல்நிலையக் கட்டட வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தது. திடீரென ஒருவரும் எதிர்பாராத சிக்கலொன்று தோன்றியது.

2. சந்தையின் இரைச்சலாற் படிப்பு சுணங்கியது; ஆயினும் அவன் படித்து முடித்தான்.

3. பாடசாலை விட்டதும் முந்நூறு பிள்ளைகளும் ஒரே சிறு படலையால் வெளியேறவேண்டியிருக்கின்றது.

4. தந்தையாரின் சம்பளம் வரும்வரை பத்து நாளைச் சமாளிக்க மாமா சிறு தொகை கொடுத்தார்.

5. புயலிற் சாய்ந்த தென்னை வீதியை மறித்துக் கிடந்தது.

பெற்றோர், பிள்ளைகளை இருத்தி இவற்றை வினாவலாம். விடை எழுதியபின், 'ஏன் இச்சொல்?' என்று ஒரு வினாவும் கேட்பாராக. காரணத்தைத் தமிழிலே சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதமாட்டாது.